பெட்டியில் ஏறிய மின்சாரம்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஜெனறேற்றரின் வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களுக்கு மின்சாரம் இரண்டு வழிகளில் வந்தது. கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்து வந்தது ஒன்று. வண்டியில் ஏறி வந்து, விடிந்ததும் அதே வண்டியில் திரும்பிப் போனது மற்றொன்று. இந்த இரண்டாவது மின்சாரத்தைத் தந்த பொறியைப் பழைய ஆட்கள் 'லைற் எஞ்சின்' என்றார்கள். பின்னாளில் அதற்கு 'ஜெனறேற்றர்' என்ற பெயர் நிலைத்தது. கோயில் வீதி, கூத்து மேடை, கலியாண வீடு, செத்த வீடு என்று சனம் கூடுகிற இடத்தைத் தேடி அது போனது. அதைச் சுமந்து போனது பெரும்பாலும் ரக்ரர் பெட்டி. லாண்ட்மாஸ்ரர் எனப்படும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் பரவிய பிறகு அதன் பெட்டி. மேலைநாடுகளில் சிறிய ஜெனறேற்றர் விடுமுறைக்குப் புறப்படுகிறவர்கள் காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீட்டுக்குத் துணையாகவும் வளர்ந்தது. குடாநாட்டில் அது தோட்டக் கிணற்றடியில் கற்ற தொழிலோடு கோயில் வீதிக்கு வந்து, போர்க்காலத்தில் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தது.

கிணற்றடியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்க, அதைக் கிணறு வெட்டி எடுத்துத்தான் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தார்கள். துலாவில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கிணற்று மிதியில் நிற்பவர் பட்டையைக் கவிழ்க்க, இன்னொருவர் பாத்திகளுக்கு வாய்க்கால் திருப்ப, ஒரு தோட்டத்துக்கு இறைக்க விடியற்காலை முழுவதும் போய்விடும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு இந்த வேலையை எஞ்சின் மெல்ல மெல்லப் பொறுப்பேற்றது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட வில்லியர்ஸ் போன்ற சிறிய எஞ்சின் பூட்டிய பம்பிகள் வந்தன. ஊரில் அவற்றுக்குப் பெயர் 'மிசின்'. வேறு எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை. மிசின் என்றால் அது இறைப்பு மிசின்தான். 1970இல் பதவிக்கு வந்த அரசு மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தபோது குடாநாட்டுத் தோட்டக்காரரின் கையில் காசு புழங்கியது. அந்த ஏழு ஆண்டுகளில் மிசின் வாங்கியவர்கள் பலர். துலாக்கள் ஒவ்வொன்றாகக் கிணற்றடியை விட்டுப் போயின.

மிசின் குடாநாட்டுக்குத் தண்ணீரோடு ஒரு தொழிலறிவையும் தந்தது. அந்த எஞ்சின்களில் பல பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுபவை. கயிற்றைச் சுற்றி இழுத்துப் பெற்றோலில் ஓட விட்டு, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்து பெற்றோலை மூடுவார்கள். சூடேறாத எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. எரியாமல் கீழே வடிந்து ஒயிலோடு கலந்து அதன் பிசுக்கைக் கெடுக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றினால் அடுத்த நாள் காலை சிரமமின்றிக் கிளம்பும். தோட்டக்காரரின் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புத்தகத்தில் படிக்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை. பிளக் கழற்றித் துடைப்பதும் காபரேற்றர் ஊதுவதும் பத்து வயதுக்குள் கை பழகிய வேலைகள். சந்திக்குச் சந்தி மிசின் திருத்துகிறவர்கள் இருந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, மின்சாரம் முற்றாக நின்றபோது குடாநாட்டைத் தாங்கிய கைகளில் இவர்களுடையவை முக்கியமானவை.

கம்பி வழி மின்சாரத்தின் கதை இதற்குச் சமாந்தரமாக ஓடியது. 1950இல் மலையகத்தில் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில், பெருமளவு மின்சாரம் வேண்டிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை குடாநாட்டில் உற்பத்தியைத் தொடங்கியது. சுன்னாகத்தில் டீசலில் இயங்கும் மின் நிலையம் அமைந்தது. 1969இல் இலங்கை மின்சார சபை உருவானது. இருந்தும் பட்டணத்துக்கும் பெருந்தெருக்களை ஒட்டிய இடங்களுக்கும் வந்த வேகத்தில் கம்பி ஒழுங்கைகளுக்குள் நுழையவில்லை. பல ஊர்களில் கோயில் இருக்கும் வீதிக்கே கறண்ட் வந்திராது. வந்திருந்தாலும் திருவிழாவின் நூற்றுக்கணக்கான குமிழ்களை அந்த இணைப்பு தாங்காது. லைற் எஞ்சினுக்கு முதல் வேலை கிடைத்தது இங்கேதான்.

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவின் இயல்பு இந்தத் தொழிலை வளர்த்தது. ஒவ்வொரு நாள் திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர். ஒரு குடும்பமோ ஒரு குறிச்சியோ அந்த நாளைத் தன்னுடையதாக எடுத்துச் செய்யும். நேற்றைய திருவிழாவை விட இன்றைய திருவிழா ஒரு படி மேலாக இருக்க வேண்டும். மேளக் கூட்டங்களின் எண்ணிக்கையில், வாண வேடிக்கையில், சோடனையில் இந்தப் போட்டி நடந்தது. முந்திய காலத்தில் வெளிச்சத்துக்குத் தீவட்டியும் பந்தமும். பிறகு ஜேர்மனியில் பிறந்த பெற்றோமக்ஸ் வந்தது. மண்ணெண்ணெயைக் காற்றழுத்தத்தில் ஆவியாக்கி மென்ரிலில் எரிக்கும் இந்த விளக்கைத் தலையில் சுமந்தபடி வரிசையாக ஆட்கள் சுவாமியின் இரு பக்கமும் நடப்பார்கள். அது நல்ல வெளிச்சம்தான். ஆனால் அதற்கு நிறம் கிடையாது. ஓடி ஓடி எரியாது. உயர்ந்து நிற்கும் சப்பறத்தின் உச்சியில் கட்டவும் முடியாது. மின்குமிழால் இவை மூன்றும் முடியும்.

சப்பறம் இங்கே தனியாகச் சொல்லப்பட வேண்டியது. தேருக்கு முதல் நாள் இரவு சுவாமி வீதிவலம் வருவதற்கென்று மரமும் கமுகஞ் சலாகையும் கொண்டு கட்டி, நிறக் கடதாசியால் மூடி, அடுக்கடுக்காக உயர்த்துகிற அமைப்பு அது. தேர் நிரந்தரமானது, சப்பறம் பல கோயில்களில் ஆண்டுதோறும் புதிதாகக் கட்டப்படுவது. ஆகவே ஒவ்வொரு ஆண்டும் கட்டுகிறவரின் கைத்திறனுக்கு இடம் உண்டு. நிறக் கடதாசிக்குப் பின்னால் மின்குமிழ் எரியத் தொடங்கியபோது சப்பறம் வேறொரு பொருளாகியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் மகோற்சவத்தில் சப்பற இரவுக்கென்றே வருகிற சனம் உண்டு. ஆனால் நகர்கிற ஒன்றுக்குச் சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து மின்சாரம் கொடுக்க இயலாது. சப்பறத்தின் பின்னால் ஒரு பெட்டி, அதில் எஞ்சின், எஞ்சினிலிருந்து சப்பறத்துக்கு நீளும் வயர், வயர் சில்லுக்குள் சிக்காமல் தூக்கிப் பிடித்தபடி நடக்கும் இரண்டு பொடியன்கள் என்ற ஏற்பாடு அப்படித்தான் பிறந்தது. சுவாமி நின்று கற்பூரம் ஏற்றும்போது பெட்டியும் நிற்கும். மேளச் சமா தொடங்கினால் மணிக்கணக்காக நிற்கும். எஞ்சின் சத்தம் தவிலை அமுக்கிவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டியை எட்டத்தில் நிறுத்தி வயரை நீட்டுவதும் தொழிலின் ஒரு நுணுக்கம்.

லைற் எஞ்சின் வைத்திருந்தவர்களே பெரும்பாலும் ஒலிபெருக்கியும் வைத்திருந்தார்கள். 'ஒலி, ஒளி அமைப்பு' என்ற ஒரே பெயர்ப் பலகையின் கீழ் இரண்டும் வாடகைக்குப் போயின. பனைமரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டால் நாலு ஊருக்குக் கேட்கும். விடிய விடிய நடக்கும் கூத்துக்கும் இசை நாடகத்துக்கும் இவர்களே போனார்கள். நடிகமணி வி. வி. வைரமுத்துவின் வசந்த கான சபா 'அரிச்சந்திர மயான காண்டம்' நாடகத்தை ஊர் ஊராக மேடையேற்றிய காலத்தில், கோயில் வெளி மணலில் பாய் விரித்துப் படுத்திருந்து பார்த்தவர்களுக்கு அந்த இரவுகளின் பின்னணியில் எங்கோ தூரத்தில் சீராக ஓடும் எஞ்சின் ஒலியும் சேர்ந்தே நினைவிருக்கும்.

இந்தப் பழைய எஞ்சின்கள் கனமானவை. நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய எஞ்சினும் அதோடு பெல்ற்றால் இணைத்த மின்னாக்கியும் தனித்தனி உறுப்புகள். இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கி, ஒருவர் கையில் தூக்கக் கூடிய அளவுக்குச் சிறிதாக்கியதில் ஜப்பானியர் முன்னின்றனர். ஹொண்டா நிறுவனம் 1965இல் வெளியிட்ட 'ஈ 300' அந்த வகையில் முன்னோடி. அதன் பெயரிலுள்ள எண் அதன் ஆற்றலைக் குறிப்பது: முந்நூறு வாட். முகாமிடப் போகிறவர்கள், மீன்பிடிப் படகுக்காரர், தெருவோர வியாபாரிகள் என்று உலகெங்கும் அதற்கு ஆட்கள் கிடைத்தார்கள். சிறிய ஜெனறேற்றரின் இலக்கணம் எளிது. அதற்குள் சுழலும் காந்தத்துக்கு இரண்டு முனைகள்; இலங்கையின் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது அலை; ஆகவே எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழல வேண்டும். அதன் இரைச்சலுக்குக் காரணம் இந்த வேகமே. சுமை ஏறும்போது எஞ்சின் மூச்சு முட்டி வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்கும். சுமை திடீரென்று இறங்கினால் வேகம் ஏறிக் குமிழ் எரிந்து போகும். சுமையை அறிந்து எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் 'கவர்ணர்' என்ற சிறு உறுப்புத்தான் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மலிவான ஜெனறேற்றரில் முதலில் பழுதாவதும் அதுவே.

இந்தச் சிறிய வகையைக் குடாநாட்டில் பரப்பியது தொலைக்காட்சி. 1979இல் இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. 1982இல் ரூபவாகினி வந்தது. மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்களும், 1983 கலவரத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனவர்களும் அனுப்பிய காசில் வீடுகளுக்குள் ரீவியும் வீடியோ டெக்கும் வந்தன. எல்லா வீட்டுக்கும் வரவில்லை; ஆகவே வாடகை முறை வந்தது. ரீவி, டெக், சில படக் கொப்பிகள், கறண்ட் இல்லாத ஊரென்றால் கூடவே ஒரு ஜெனறேற்றர் எல்லாம் ஒரு தொகுதியாக வாடகைக்கு வரும். சாமத்தியச் சடங்கு முடிந்த இரவும் பிறந்தநாள் இரவும் முற்றத்தில் ரீவியை மேசைமேல் ஏற்றி, அயலையெல்லாம் கூப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று.

அதற்குப் பிறகு வந்தது இருண்ட காலம். 1987 ஜனவரியில் அரசு குடாநாட்டுக்கு எரிபொருள் தடை விதித்தது. அது ஒரு முன்னறிகுறி. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை மூடப்பட்டது. கம்பங்களும் கம்பிகளும் மாதக் கணக்கில் வெறுமனே நின்று, பிறகு அவையும் காணாமற் போகத் தொடங்கின. பெற்றோல், டீசல், பற்றறி, மின்சாதனங்கள், உரம், சீமெந்து எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. மண்ணெண்ணெய் பங்கீட்டு அளவில் கிடைத்தது. அதற்கு மேல் வேண்டியவர்கள் கள்ளச் சந்தை விலை கொடுக்க வேண்டும். 1990இல் பிறந்த ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயது வரைக்கும் சுவிற்சைப் போட்டால் வெளிச்சம் வரும் என்பதைக் கண்ணால் கண்டிராது. இது மிகைப்படுத்திச் சொன்னதல்ல. ஒரு தலைமுறையே அப்படித்தான் எழுத்துக் கூட்டியது.

அந்த ஆண்டுகளின் வெளிச்சத்துக்கு ஒரு படிநிலை இருந்தது. அடியில் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, ஒரு சிறு உலோகத் துண்டில் நூல்திரியைக் கோத்து உள்ளே நிறுத்துவார்கள். காற்றுக்கு அணையாது; எண்ணெய் குடிப்பதும் மிகக் குறைவு. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இதைச் சுற்றித்தான் இருந்தார்கள். அதற்கு மேல் சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, ஆறு வோல்ற் டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி பாடும். பி.பி.சி. தமிழோசைச் செய்தி நேரத்தில் சுற்றுகிற கை தளர்ந்தால் செய்தியும் மங்கும் என்பதால் ஆள் மாறி ஆள் சுற்றினார்கள். அதற்கு மேல் கார் பற்றறி. ஜெனறேற்றர் வைத்திருந்த கடைகளில் சார்ஜ் ஏற்றி, சைக்கிள் கரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிறு ரியூப் லைற் எரிப்பார்கள். படிநிலையின் உச்சியில் ஜெனறேற்றர்.

சிறிய ஜெனறேற்றர்கள் பெற்றோலுக்குச் செய்யப்பட்டவை. பெற்றோலோ சொட்டுக் கணக்கில்தான் கிடைத்தது. தோட்ட மிசினில் கற்றது இங்கே கைகொடுத்தது. பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் முதலில் கிளம்பாது. கிளம்பினாலும் சுமை ஏறியதும் சுத்தியலால் தட்டுவது போல உள்ளே அடிக்கும். மண்ணெண்ணெய் கூடிய அழுத்தத்தைத் தாங்காமல் நேரத்துக்கு முன்பே தானாக வெடிப்பதால் வருகிற சத்தம் அது. எஞ்சின் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கெற் வைத்து அழுத்தத்தைக் குறைப்பது இதற்குரிய மருத்துவம். வலு கொஞ்சம் குறையும், எஞ்சின் பிழைக்கும். கிளப்புவதற்கு மட்டும் ஒரு சிறு போத்தலில் பெற்றோலைப் பொன்போலப் பேணி வைத்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு இழுப்பார்கள். மோட்டார் சைக்கிள்களும் கார்களும் ஓடியது இதே முறையில்தான். குடாநாட்டு வீதிகளில் அந்நாளில் நிலைத்திருந்த மண்ணெண்ணெய்ப் புகை நாற்றம் அங்கே வாழ்ந்தவர்களின் நினைவில் இன்றும் உண்டு. மண்ணெண்ணெய் ஒயிலைக் கெடுப்பதால் அடிக்கடி ஒயில் மாற்ற வேண்டும். புது ஒயிலும் தடைப்பட்ட பொருள். பழைய ஒயிலைத் தெளிய வைத்து மறுபடி ஊற்றினார்கள். எந்த உற்பத்தியாளரின் கைநூலிலும் இந்த எஞ்சின்கள் இத்தனை காலம் ஓடும் என்று எழுதியிருக்காது.

அந்தப் பஞ்சத்திலும் படம் பார்த்தார்கள். இதை வெளியிலிருந்து பார்ப்பவர் விளங்கிக்கொள்வது கடினம். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிறிய ஜெனறேற்றர் ஒன்று மணிக்கு ஏறத்தாழ அரை லீற்றர் குடிக்கும். வண்ணத் தொலைக்காட்சி, டெக், ஒரு ரியூப் லைற் மூன்றுக்கும் சேர்த்து இருநூறு வாட் போதும். மூன்று படம் தொடர்ந்து போட்டால் எட்டு மணித்தியாலம், நாலு லீற்றர் மண்ணெண்ணெய். அதே நாலு லீற்றரில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு பல வாரம் எரியும். ஒரு குடும்பம் தனியாக இந்தச் செலவைத் தாங்காது. ஆகவே அயல் சேர்ந்து காசு போட்டது. சில வேளை காசுக்குப் பதிலாக மண்ணெண்ணெயே போட்டது. ஜெனறேற்றரைச் சைக்கிளிலோ லாண்ட்மாஸ்ரர் பெட்டியிலோ கொண்டுவந்து கோடிப்புறத்தில் கிடங்கு வெட்டி அதற்குள் இறக்கி, சத்தம் வெளியே போகாமல் மண்மூட்டை அடுக்கினார்கள். விமானச் சத்தம் கேட்டால் முதலில் நிறுத்துவதும் அதைத்தான். வெளிச்சம் தெரிந்தால் ஆபத்து, எஞ்சின் ஓடினால் விமானம் வருவது காதில் விழாது. இத்தனைக்குப் பிறகும் ஒரு முற்றத்தில் ஐம்பது அறுபது பேர் விடிய விடிய இருந்தார்கள். ஐந்து ஆண்டு இருட்டுக்குள் ஒரு சமூகம் தன் மனத்தைச் சிதையாமல் வைத்திருக்கக் கொடுத்த விலையாகவே அந்த நாலு லீற்றரைக் கணக்கிட வேண்டும்.

வேறு இடங்களில் ஜெனறேற்றர் உயிரோடு சம்பந்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை 1990 நவம்பரில் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பின் கீழ் வந்தது. சத்திரசிகிச்சைக் கூடத்து வெளிச்சமும் இரத்தத்தையும் மருந்தையும் குளிரில் வைப்பதும் ஜெனறேற்றரை நம்பியே இருந்தன. அதற்கு வேண்டிய டீசல் வந்து சேர்வதே ஒவ்வொரு தடவையும் பெரும் பாடு. பத்திரிகைகளும் நிற்கவில்லை. 1985இல் தொடங்கிய 'உதயன்' காகிதத் தட்டுப்பாட்டில் கிடைத்த தாளிலெல்லாம் அச்சாகி வெளிவந்தது. அரைக்கும் மில்கள் ஓடாத ஊர்களில் உரலும் உலக்கையும் மீண்டும் முற்றத்துக்கு வந்தன. தோட்டத்தில் மிசினுக்கு எண்ணெய் இல்லாதபோது கைவிடப்பட்ட துலாக்கள் சில மறுபடி ஏறின.

போர் நெருங்கியதால் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை, யாழ்ப்பாணப் பட்டணத்தை உள்ளடக்கிய வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து வெளிக்கிட்டது. இலட்சக்கணக்கான சனம் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நகர்ந்த அந்த மழை இரவில் லாண்ட்மாஸ்ரர் பெட்டிகளில் ஏறியவை கிழவர், குழந்தைகள், அரிசி மூட்டை, சைக்கிள் ஆகியவை. இடம் மிஞ்சியவர்கள் மிசினையும் ஏற்றினார்கள். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பல வீடுகளில் வயர்கூட இருக்கவில்லை. சுவருக்குள் பதித்த செம்புக் கம்பியை உருவி எடுத்திருந்தார்கள். குடாநாட்டுக்கு மின்சாரம் பிறகு கட்டம் கட்டமாக வந்தது. தெற்கிலிருந்து கம்பி இல்லாததால் வந்ததெல்லாம் உள்ளூரிலேயே பெரிய டீசல் எஞ்சின்களை ஓட்டி எடுத்த மின்சாரம். ஊர் முழுவதும் ஒரு பெரிய ஜெனறேற்றரில் தொங்கியது என்றே சொல்லலாம். 2002 ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் லொறி லொறியாகப் பொருள்கள் வந்தன. கடை வாசல்களில் புது ஜெனறேற்றர்கள் அடுக்கியிருந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டது. எரிபொருளுக்காகக் கப்பலைப் பார்த்திருக்கும் நாட்கள் திரும்பின. பழைய வித்தைகளை மறக்காதவர்கள் ஊரில் இன்னும் இருந்தார்கள்.

போர் முடிந்த பின் 2013இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்தக் கம்பி வந்து குடாநாடு தேசிய மின் வலையமைப்போடு மீண்டும் இணைந்தது. அதே ஆண்டில் சுன்னாகத்தில் 24 மெகாவாட் வலுவுள்ள 'உத்துரு ஜனனி' அனல் மின் நிலையமும் திறக்கப்பட்டது. இந்த வரலாற்றின் கசப்பான பகுதியும் சுன்னாகத்தில்தான் உண்டு. அங்கு நெடுங்காலம் இயங்கிய எண்ணெய் எஞ்சின்களின் கழிவு நிலத்தில் இறங்க, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், தனியார் மின் உற்பத்தி நிறுவனமான நொதேர்ண் பவர் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுண்ணக்கல் நீரை வடிகட்டாது. வெடிப்புகள் வழியே அப்படியே கடத்தும். கிணறு ஒன்றையே நம்பியிருக்கும் நிலத்தில் எண்ணெயைச் சிந்துவது எத்தகைய குற்றம் என்பதை அந்தத் தொகை அளக்காது.

கடல் தாண்டிய தீவுகளுக்குத் தேசிய மின் வலையமைப்பு போகவில்லை. தாம்போதியால் இணைந்த புங்குடுதீவு வரை கம்பி போகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் மின்சார சபையின் டீசல் ஜெனறேற்றர்களையே நம்பி வந்தன. டீசல் படகில் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் பிந்தும். எழுவைதீவில் காற்றாடி, சூரியத் தகடு, பற்றறி, டீசல் நான்கையும் சேர்த்த கலப்பு அமைப்பு நிறுவப்பட்டது. மற்ற மூன்று தீவுகளுக்கும் அதே வகை அமைப்பு வேண்டும் என்ற திட்டம் முதலில் ஒரு சீன நிறுவனத்திடம் போய், நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில் இந்திய உதவியோடு செய்வதென்ற உடன்பாட்டுக்கு வந்தது. நெடுந்தீவுக்கு வெளிச்சம் எப்படி வரவேண்டும் என்பது இரண்டு பெரிய நாடுகளின் தூதரக விவகாரமாயிற்று.

அதே 2022 மார்ச் இறுதியில், பொருளாதார நெருக்கடிக்குள், நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. கொழும்பு அதிர்ந்தது. குடாநாட்டில் ஜாம் போத்தல் தேடியெடுத்த வீடுகள் உண்டு. ஜெனறேற்றர் இருந்தும் பலருக்குப் பயனில்லாமல் போனது. கலன்களில் எரிபொருள் கொடுப்பதை அரசு தடை செய்திருந்தது, ஜெனறேற்றரை எரிபொருள் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போக முடியாது. அந்த மாதங்களில் பலர் முதல் தடவையாக வாங்கிய சிறு ஜெனறேற்றர்களால் ஒரு பழைய ஆபத்தும் திரும்பியது. மூடிய அறைக்குள்ளோ யன்னலோரத்திலோ அதை ஓட்டினால் வெளியேறும் காபன் மொனொக்சைட் மணமின்றி ஆளைக் கொல்லும். மாற்றுச் சுவிற்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கோடு நேரே இணைத்தால் மின்சாரம் வெளிக் கம்பிக்கும் பாய்ந்து, கம்பத்தில் ஏறி நிற்கும் மின்சார சபை ஊழியரின் உயிரை எடுக்கும். பழைய லைற் எஞ்சின்காரர்கள் எஞ்சினை எப்போதும் வெளியில், காற்றோட்டமான பக்கத்தில் நிறுத்தியது சத்தத்துக்காக மட்டுமன்று.

இன்று குடாநாட்டில் கம்பி போகாத ஒழுங்கைகள் மிகக் குறைவு. இருந்தும் ஒலி, ஒளி அமைப்பாளர்களிடம் ஜெனறேற்றர் வாடகை நின்றுவிடவில்லை. சிறு வகைக்குப் பதிலாகச் சத்தம் அடக்கிய டீசல் ஜெனறேற்றர்கள் தகரப் பெட்டிக்குள் பூட்டப்பட்டு வருகின்றன; இவை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஓடுவதால் இரைச்சலும் தேய்மானமும் குறைவு. மின்குமிழ்களுக்குப் பதிலாக எல்.ஈ.டி. சரங்கள் வந்ததில், முன்பு ஒரு சப்பறத்துக்கு வேண்டியிருந்த மின்சாரத்தில் இப்போது ஒரு வீதியையே சோடிக்கலாம். ஆனாலும் பெட்டி சப்பறத்தின் பின்னால் போகத்தான் வேண்டும். உயர்ந்த சப்பறமோ தேரோ வீதியால் வரும்போது தலைக்கு மேலே செல்லும் கம்பியில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். தேவையானால் கம்பியையே கழற்றுவார்கள். 2022 ஏப்ரல் 27ஆம் திகதி தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டுப் பதினொரு பேர் இறந்தார்கள். அந்தக் கவனம் எவ்வளவு அவசியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆகவே சுவாமி வருகிற நேரத்தில் வீதியிலுள்ள வீடுகள் எல்லாம் இருளும். கோயிலின் இணைப்பிலும் கறண்ட் இருக்காது. அந்த இருட்டுக்குள் சப்பறம் மட்டும் அடி முதல் முடி வரை எரிந்தபடி நகரும். இருபது முழம் வயருக்குப் பின்னால் லாண்ட்மாஸ்ரர் பெட்டி.